பணம் போனது வெளிமாநிலத்துக்கு, புகார் நம் ஊரிலேயே

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெருநாள் நெருங்கினால் நம் அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான முறையீடுகள் வருகின்றன. சமூக ஊடகத்தில் பாதி விலைக்குச் சுடிதார் என்று பார்த்துப் பணம் அனுப்பியிருப்பார்கள். துணி வராது, அனுப்பியவருடைய எண்ணை பிளாக் செய்திருப்பார்கள். இன்னொருவர், "இராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன்" என்றவனுடைய ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டியிருப்பார். எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "ஆள் ராஜஸ்தானில் இருக்கிறானாம். அங்கே போய் நாம் வழக்கு நடத்த முடியுமா?"

போக வேண்டியதில்லை. மின்னணுத் தகவல் மூலம் ஏமாற்றினால், அந்தத் தகவல் வந்து சேர்ந்த இடத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 202ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இது. 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பினால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பயனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் காவல் நிலையத்துக்குப் போகும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். பணம் மோசடிக்காரனின் கணக்கில் இன்னும் இருந்தால் அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. அவன் அதை வேறு கணக்குகளுக்கு மாற்றிவிட்டால் துரத்துவது கடினம். நிறுத்தி வைத்த பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம், பொறுமை வேண்டும். வங்கிக்கும் தெரிவியுங்கள். நாமே பின் எண் போட்டு அனுப்பிய பணத்தை வங்கி தன் கையிலிருந்து தரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. விற்றவர் முகவரியோடு கூடிய உண்மையான வியாபாரி, ஆனால் மட்டமான பொருளைத் தந்துவிட்டார், பணத்தைத் திருப்ப மறுக்கிறார் என்றால் அது நுகர்வோர் வழக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பெயரும் முகவரியும் பொய்யாக இருக்கும் மோசடிக்காரன் மீது இந்த வழக்கைப் போட்டால் நோட்டீஸ்கூடப் போய்ச் சேராது. அவனுக்குக் காவல்துறைதான் சரி.

வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. அதற்கான எண் 15100.

பெண்கள் பலர் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவர் கோபிப்பாரே, ஊரார் சிரிப்பார்களே என்று இரண்டு மாதம் கழித்து வருகிறார்கள். வீட்டு ஆண்களிடம் நாங்கள் கேட்பது, முதல் நாளில் திட்டாதீர்கள். அந்த நாள்தான் 1930க்குப் பேச வேண்டிய நாள். "பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால் அதுவும் மோசடிதான், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

மனு எழுதத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். வரும்போது அந்த உரையாடலை அழிக்காமல் கைப்பேசியிலேயே வைத்திருங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீதில் உள்ள யூ.டி.ஆர். எண், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றையும் கொண்டு வாருங்கள்.