நொண்டிச் சிந்தின் மெட்டு: தோற்றம் குறித்துச் சில எண்ணங்கள்



பத்தாண்டுகளாகக் கூடி நூல்களைப் பற்றிப் பேசிவரும் இவ்வட்டத்தில், நூலுக்குள் முழுவதும் அடங்காத ஒன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். நம் ஆட்டங்களுக்குரிய மெட்டுகள் எங்கிருந்து பிறந்தன என்பதே என் கேள்வி. கும்மி, காவடி, கோலாட்டம் ஆகியவற்றின் மெட்டுகளைக் கேளாத தமிழர் இலர். ஆதலின், பலரும் பெயரளவில் மட்டுமே அறிந்த நொண்டிச் சிந்தை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

மெட்டின் மூலத்தைத் தேடுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் செல்வதைக் காண்கிறோம். ஒரு சாரார் மெட்டைக் கேட்டவுடன் அதற்கு இராகப் பெயர் ஒன்றைச் சூட்டிவிடுவர். இது செஞ்சுருட்டி, அது புன்னாகவராளி, மற்றது நாதநாமக்கிரியை என்பர். பெயர் தவறன்று. ஆயினும் பெயரிடுதல் வேறு, பிறப்பைக் காட்டுதல் வேறு. இம்மூன்று இராகங்களுமே நாட்டார் இசையிலிருந்து மேடைக்கு வந்தவை என்று இசைவாணர் பலர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், மகனைக் காட்டித் தாயின் வயதைச் சொல்வது போன்ற வேலையாகவே இது முடிகிறது.

மற்றொரு சாரார் எந்த மெட்டையும் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவைக்குக் கொண்டுபோய் நிறுத்துவர். அங்கே ஆயர் மகளிர் எழுவர் குரல் முதல் தாரம் ஈறாக ஏழிசைப் பெயர் பெற்றுக் குரவை ஆடுகின்றனர் என்பது உண்மைதான். ஆனால் அக்குரவைக்கும் இன்றைய ஊர்க் கும்மிக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. இடையிலுள்ள கண்ணிகளைக் காட்டாமல் பழமை பேசுவது மேடைக்கு அழகு தரலாம். ஆய்வுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. (விழா மேடையில் இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கும். பொறுத்தருள்க.)

மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஆட்டத்தின் மெட்டை ஆடுவாரின் உடலில் தேடுவது அது. காவடி எடுப்பவரின் தோளிலும் கழுத்திலும் சுமை இருக்கிறது. உடலின் மேற்பகுதி சுமையைக் காக்க, கால்களே ஆட்டத்தை நடத்த வேண்டும். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்த வழிநடையில் பாடுவதற்காகவே சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) காவடிச் சிந்தை இயற்றினார் என்பது மரபுவழிச் செய்தி. அவருக்கு முன்பே வழிநடைச் சிந்துகள் வழக்கில் இருந்தன. நெடுவழி நடந்த கால்களின் சீரான அடிவைப்பை அவற்றில் இன்றும் உணரலாம். இரண்டு கால்களும் சமமாகப் பங்கு கொள்ளும் நடை அது.

இனி, ஒரு கால் இல்லாதவன் ஆடினால் மெட்டு என்னவாகும்? இக்கேள்விக்கு விடையாக நமக்குக் கிடைத்திருப்பது நொண்டி நாடகம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் செழித்த இவ்வகை நாடகங்களின் கதை ஏறக்குறைய ஒன்றேயாகும். திருட்டில் வல்லவன் ஒருவன் தாசி ஒருத்தியிடம் பொருளையெல்லாம் இழக்கிறான். மேலும் பொருள் வேண்டிக் குதிரை திருடப் புகுந்து அகப்படுகிறான். தண்டனையாகக் கால் வெட்டப்படுகிறது. பின்னர் ஒரு தெய்வத்தின் தலத்தை அடைந்து, அருளால் கால் வளரப் பெறுகிறான். இவ்வளவையும் நொண்டி தானே ஆடிக்கொண்டு தன் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் அருளுகின்றவன் முருகன். சீதக்காதி நொண்டி நாடகத்தில் கீழக்கரை வள்ளலின் உதவியால் நொண்டி மக்கா சென்று நலம் பெறுகிறான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறித்தவ சமயக் கருத்துகளை வைத்து ஞான நொண்டி நாடகம் பாடினார். சமயங்கள் மாறின, ஆட்டமும் சிந்தும் மாறவில்லை. எச்சமயத்தாரும் தம்முடையதாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இந்த மெட்டு ஊர்ப்பொதுவாக இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நொண்டிச் சிந்தின் அடியமைப்பைக் கவனியுங்கள். அடியின் முற்பகுதி ஓடிவந்து ஓரிடத்தில் நீண்டு நிற்கும். நின்ற இடத்தில் தனிச்சொல் ஒன்று தலைகாட்டும். அச்சொல்லைப் பற்றிக்கொண்டு பிற்பகுதி விரைந்து இறங்கும். யாப்பு நூலார் இதனைத் தனிச்சொல் என்று குறித்துவிட்டு அப்பால் செல்வர். எனக்கோ இது ஒற்றைக் காலில் நிற்பவனின் நடையாகவே படுகிறது. ஊன்றிய கால் நிலைகொள்ள ஒரு நிறுத்தம், உடலைத் தூக்கி எறிய ஓர் உந்தல், பிறகு தாவல். தனிச்சொல்தான் அந்த உந்தல். சிந்து என்னும் பாவகை நொண்டியால் பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சிந்து பலவகையாக வழங்கிய நாட்டில், நொண்டியின் ஆட்டம் அதன் ஒரு வகைக்குத் தன் நடையைக் கொடுத்தது. பெயரும் அதனால் வந்தது என்பதே என் கருத்து.

இம்மெட்டின் பிற்கால வாழ்வு வியப்புக்குரியது. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நொண்டிச் சிந்தைக் கையாண்டார். அங்கே பாடுபவர் கதாகாலட்சேபம் செய்பவர். அவருக்கு இரண்டு கால்களும் உண்டு. பின்னர் சுப்பிரமணிய பாரதியார், 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் பெரும்பகுதியை இச்சிந்திலேயே பாடினார். திருடன் ஒருவனின் வேடிக்கைக் கதைக்கு உதவிய நடை, அவையில் நீதி கேட்கும் ஒரு பெண்ணின் சீற்றத்தைத் தாங்கியது. பொதுமக்கள் விரும்பும் மெட்டில் காவியம் செய்தல் வேண்டும் என்ற பாரதியாரின் எண்ணம் வெறும் எளிமை நாட்டம் அன்று. நின்று, உந்தி, பாயும் இந்த நடைக்குள் கோபத்திற்கு இடம் இருப்பதை அவர் செவி அறிந்திருந்தது.

நந்தனார் சரித்திரத்தைப் பற்றி உ.வே. சாமிநாதையர் எழுதிய செய்தி ஒன்று இங்கு நினைவுகூரத் தக்கது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்நூலில் இலக்கண வழுக்கள் இருப்பதால் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கிக் காலம் தாழ்த்தினார். ஒருநாள் பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் பாடல்களைப் பாடக் கேட்டு உருகிய பின்னரே பாயிரம் அளித்தார். ஏட்டில் பிழையாகத் தெரிந்தது செவியில் பிழையாகத் தெரியவில்லை. நாமோ இன்றும் வகுப்பில் சிந்தை அசை பிரித்து எழுதச் சொல்கிறோம், பாடச் சொல்வதில்லை. தேர்வில் நொண்டிச் சிந்தின் இலக்கணத்தைப் பிழையின்றி எழுதும் மாணவி, அதனை ஒரு முறையேனும் கேட்காமலே பட்டம் பெற்றுவிடுகிறாள். மெட்டுகள் அழிவது ஊரில் மட்டும் என்று எண்ண வேண்டா. எங்கள் துறைகளிலும் அவை அழிகின்றன.

களத்துக்குச் செல்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. 1954இல் வந்த ‘நாகின்’ என்னும் இந்தித் திரைப்படத்தின் மகுடி இசை ஒரு மின்னிசைக் கருவியில் வாசிக்கப்பட்டது. இன்று ஊர்வலங்களில் பாம்பாட்டம் ஆடும் இளைஞர்க்கு அதுவே பழைய மகுடி மெட்டு. பாம்பாட்டிகளும் அதை வாசிக்கின்றனர். நாளை ஓர் ஆய்வாளர் அதனைப் பதிவு செய்து தொன்மை பேசமாட்டார் என்பதற்கு உறுதி இல்லை. ஒலிப்பதிவுக் கருவி கேட்டதைத்தான் தரும். எப்போது வந்தது என்று சொல்லாது.

உட்காரவைத்துப் பாடச் சொல்வதும் கூடாது. கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருவரைக் கும்மிப் பாட்டுச் சொல்லும்படி கேட்டபோது இரண்டு அடிகளுக்கு மேல் அவருக்கு வரவில்லை. “இருந்துக்கிட்டா எப்படித் தாயி வரும்?” என்று எழுந்து, அண்டை வீட்டுப் பெண்கள் இருவரை அழைத்துச் சேர்ந்து கைகொட்டிச் சுற்றத் தொடங்கினார். பாட்டு முழுவதும் வந்தது. குனிந்து நிமிர்ந்து கொட்டும் இடங்களிலேதான் மெட்டின் ஏற்ற இறக்கங்கள் விழுந்தன. கம்பளத்து நாயக்கரின் தேவராட்டத்தில் பாட்டே இல்லை. உறுமியாகிய தேவதுந்துபி ஒலிக்கக் கால்களே அதற்கு மறுமொழி சொல்கின்றன. அங்குச் சொற்களை மட்டும் தொகுப்பவருக்கு எழுத ஒரு வரியும் கிடைக்காது.

நொண்டி நாடகம் ஆடக் கண்டவரை இனி எங்கே தேடுவது? ஆயினும் ஒரு வழி எஞ்சியிருக்கிறது. பழைய சிறு பிரசுரங்களில் பாட்டின் தலைப்பின்கீழ் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று ஒரு குறிப்பு இருக்கும். பாரதியாரும் நந்தனார் சரித்திரத்துப் பாட்டுகளின் வர்ணமெட்டில் பாடல்கள் எழுதி, அதனைத் தலைப்பில் குறித்திருக்கிறார். ஒரு பாட்டு தன் முன்னோரைக் காட்டும் குறிப்பு அது. நூல் பதிப்பிப்போர் முதலில் நீக்குவதும் அதைத்தான். அக்குறிப்புகளை வரிசைப்படுத்தினால் ஒரு மெட்டு எந்தெந்தப் பாட்டில் குடியிருந்தது என்று பின்னோக்கிச் செல்லலாம்; எங்கேனும் ஓரிடத்தில் அதனைப் பாடத் தெரிந்த ஒருவர் கிடைப்பார். உங்கள் வீட்டுப் பரண்களில் அத்தகைய கும்மி, சிந்து, அலங்காரப் பிரசுரங்கள் இருக்குமானால், அட்டை கிழிந்திருந்தாலும் அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். படி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன்.