மேன்முறையீட்டின் மொழி

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒரு தொழிலாளியின் வழக்கு அப்பீலுக்குப் போயிருக்கிறதென்றால், காலைப் பிரட்டிலிருந்து மாலையில் கொழுந்து நிறுக்கும் வேளை வரையில் அதுவே பேச்சாக இருக்கும். ஒருநாள் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வருகிறது. ‘மேன்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது’ என்ற ஒரு வரி அதில் இருக்கிறது. தள்ளுபடி என்ற சொல் காதில் விழுந்ததுமே, எல்லாம் போயிற்று என்று சோர்ந்துவிடுவோர் பலர். ஆனால் மேன்முறையீடு செய்தவர் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டாமா? தொழில் நியாய சபை தொழிலாளிக்குச் சாதகமாக உத்தரவு கொடுத்து, அதனை எதிர்த்துத் தோட்டக் கம்பெனி மேலே போயிருந்தால், தள்ளுபடியானது கம்பெனியின் முறையீடு. வென்றவர் தொழிலாளி!

வழக்கைத் தொடங்கியவர் வாதி. எதிர்த்து நிற்பவர் பிரதிவாதி. இப்பெயர்கள் யாவரும் அறிந்தவை. வழக்கு மேல்மன்றத்துக்கு ஏறும்போது வேறு இரண்டு பெயர்கள் வந்து சேருகின்றன. கீழ்மன்றத் தீர்ப்பினால் குறைபட்டு மேலே செல்பவர் மேன்முறையீட்டாளர். அத்தீர்ப்பே நிலைக்க வேண்டுமென்று வாதாடுபவர் எதிர்மனுதாரர். கீழே வாதியாக நின்றவர் மேலே எதிர்மனுதாரராக நிற்பதும் உண்டு. ஆகவே மன்றத்துக்கு மன்றம் ஒரே வழக்கின் பெயர் இடம் மாறுவதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

மலைநாட்டு மக்களின் வாழ்வையே தொட்ட ஒரு வழக்கில் இது நன்றாக விளங்கும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். பூண்டுலோயாவுக்கு அயலிலுள்ள மடக்கும்புரத் தோட்டத்திலே பிறந்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை, தலவாக்கொல்லைத் தொகுதியின் உறுப்பினரானார். அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஒருவர் இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தந்தையாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. லயத்துக் காம்பராவிலே பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே தேடுவது? 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகள் அல்லாதாரின் பெயர்களை வாக்காளர் இடாப்பில் சேர்க்க முடியாதென்று விதித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு பேருடைய இடங்களிலே ஒன்றுகூட எஞ்சவில்லை.

கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியில் கோடாக்கன்பிள்ளை என்பவர் தமது பெயரை இடாப்பில் சேர்க்கும்படி விண்ணப்பித்தார். பதிவு அதிகாரியான முதனாயக்க மறுத்தார். மீள்பரிசீலனை அதிகாரியான சிவஞானசுந்தரம், அவ்விரு சட்டங்களும் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று கூறி, பெயரைச் சேர்க்குமாறு பணித்தார். ஒரு சமூகத்தாருக்கு மாத்திரம் பிற சமூகத்தாருக்கு இல்லாத இடரை விளைவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்பதே அப்பிரிவின் கருத்து.

இங்கே இன்னொரு சொல் வருகிறது. முதனாயக்க அடுத்துச் செய்தது மேன்முறையீடு அன்று. உயர் நீதிமன்றத்திலே ‘உறுதிகேள் எழுத்தாணை’ வேண்டி மனுச் செய்தார். மேன்முறையீடு, தீர்ப்புச் சரியா பிழையா என்று கேட்பது. எழுத்தாணை மனுவோ, அதிகாரி தம் அதிகாரத்தின் எல்லைக்குள் நின்று சட்டப்படி நடந்தாரா என்று கேட்பது. அதிகாரி எல்லை கடந்தார் என்று மன்றம் கண்டால், அவருடைய கட்டளையை அழித்துவிடும். 1951இல் உயர் நீதிமன்றம் அவ்வாறே சிவஞானசுந்தரத்தின் கட்டளையை இரத்துச் செய்தது. அதன் பின்னரே கோடாக்கன்பிள்ளை மேன்முறையீட்டாளராகி, லண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்குப் போனார். உயர் நீதிமன்றத்தில் ‘முதனாயக்க எதிர் சிவஞானசுந்தரம்’ என்றிருந்த வழக்கு, கோமறைக் கழகத்தில் ‘கோடாக்கன்பிள்ளை எதிர் முதனாயக்க’ என்று ஆனது இதனாலேயே.

(தமிழ்நாட்டுப் பத்திரிகைகளைப் படிப்போருக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்து மன்றம், அதற்கு மேலே உச்ச நீதிமன்றம் உண்டு. இலங்கையிலோ உயர் நீதிமன்றமே நாட்டின் மன்றங்களுள் மிக உயர்ந்தது. மேல் நீதிமன்றம் என்பது அதற்குக் கீழ்ப்பட்டது. ‘உயர்’ எது, ‘மேல்’ எது என்று படித்தவர்களே தடுமாறுகிறார்கள்.)

கோமறைக் கழகத்தில் மேன்முறையீட்டாளருக்காக வாதாடியவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் டி. என். பிரிட். 1953இல் ஓக்சி பிரபு தீர்ப்புரைத்தார். மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று. தன் பிரஜைகள் யாவர் என்று வகுத்துக்கொள்வது சட்டசபையொன்றின் இயல்பான, நியாயமான செயல் என்பது கழகத்தின் முடிவு. இந்தியத் தமிழர் இடம்பெயரும் வழக்கமுடையோர் என்ற செய்தியும், அவர்கள் பிரஜைகளாவதற்குரிய தகுதியோடு தொடர்புடையதே என்று தீர்ப்பு கூறிற்று. தலைமுறை தலைமுறையாக ஒரே மலைச்சரிவில் கொழுந்து கொய்தவர்களைக் குறித்து இவ்வாறு எழுதப்பட்டதை எண்ணும்போது, லண்டனுக்கும் மலைநாட்டுக்கும் இடையிலிருந்த தூரம் நன்கு தெரிகிறது.

எனினும் அந்தத் தள்ளுபடி எதனைத் தீர்த்தது என்பதை அளந்தே சொல்ல வேண்டும். கழகத்தின் முன்னிருந்தது ஒரு சட்ட வினா: இச்சட்டங்களை இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் இருந்ததா? இருந்தது என்பது விடை. தோட்டத் தொழிலாளர் இந்நாட்டுக்கு அந்நியர் என்று அத்தீர்ப்பு எங்கும் முடிவு செய்யவில்லை. அச்சட்டங்கள் நல்லவை என்றும் சான்று கொடுக்கவில்லை. அதிகாரம் உண்டு என்பது வேறு. செய்தது நியாயம் என்பது வேறு. பிரஜாவுரிமை பெற 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வேறொரு வழி திறந்திருந்ததையும் கழகம் கருத்திற் கொண்டது. அவ்வழியிலே ஏறக்குறைய எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. எஞ்சியோரின் துயரம் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையையும் கடந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் நீண்டது. தீர்த்து வைத்தவை பாராளுமன்றத்தின் சட்டங்களே, நீதிமன்றங்கள் அல்ல.

சட்ட வினா என்ற இச்சொல் தோட்டத்து வழக்குகளுக்கு மிக நெருங்கியது. தொழில் நியாய சபையின் உத்தரவை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்துக்கு முறையிடுவது சட்ட வினா ஒன்றின் பேரிலேதான். கங்காணியைத் தொழிலாளி ஏசினாரா இல்லையா என்பது நடந்ததைப் பற்றிய வினா; சாட்சிகளை நேரிற் கண்ட சபையே அதற்கு விடை காணும். மேல்மன்றம் அச்சாட்சிகளை மீண்டும் கூண்டிலேற்றிக் கேட்பதில்லை. எழுதப்பட்ட பதிவேட்டையே பார்க்கும். ஆயினும் சாட்சியமே இல்லாத ஒன்றைச் சபை நடந்ததாகக் கொண்டிருந்தாலும், பதிவிலுள்ள முக்கியமான சாட்சியத்தை நோக்காமலே விட்டிருந்தாலும், அதுவும் சட்டப் பிழையாகிவிடும். ஆகவே, ‘மேலே போய்ச் சொல்லிக்கொள்ளலாம்’ என்று எண்ணி முதல் விசாரணையிலே வாய்மூடியிருப்பவர், மேலே போனபின் சொல்ல இடமின்றி நிற்பார். காலவரையறையோ உத்தரவின் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். தொழிற்சங்கத் தலைவர் ஊரிலில்லை என்பதற்காக அது காத்திராது.

தள்ளுபடிக்கு எதிரான சொல் ‘அனுமதிக்கப்பட்டது’ என்பது. முறையிடுவதற்கு மாத்திரம் அனுமதி கிடைத்தது என்று இதனைச் சிலர் பிழையாகக் கொள்வர். அது ‘மேன்முறையீட்டுக்கான அனுமதி’. உள்ளே செல்வதற்குக் கதவு திறப்பது போன்றது. மேன்முறையீடே அனுமதிக்கப்பட்டது என்றால் முறையிட்டவர் வென்றார் என்று பொருள். அப்பொழுது கீழ்மன்றத் தீர்ப்பு இரத்தாகலாம், திருத்தப்படலாம், அல்லது வழக்கு ‘மீள அனுப்பப்படலாம்’.

மீள அனுப்புதல் என்ற சொல்லுக்குக் கோடீஸ்வரன் வழக்கைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது. அரசாங்க எழுதுவினைஞரான கோடீஸ்வரனுக்கு, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிலே சித்தியடையவில்லை என்ற காரணத்தால் 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்பது அவருடைய வாதம். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அரசாங்கம் மேலே சென்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்கிட இயலாது என்ற ஒரே காரணத்தைக் கொண்டு அத்தீர்ப்பை அழித்தது. மொழிச் சட்டத்தைப் பற்றி விடை கூறாமலே விட்டது. 1969 டிசம்பரில் கோமறைக் கழகம் கோடீஸ்வரனின் மேன்முறையீட்டை அனுமதித்தது. ஊழியர் சம்பளத்துக்காக வழக்கிடலாம் என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற வினாவைத் தீர்க்குமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு மீள அனுப்பிற்று.

1971இல் கோமறைக் கழகத்துக்குச் செல்லும் மேன்முறையீடுகள் நிறுத்தப்பட்டன. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. பழைய 29ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. மீள அனுப்பப்பட்ட வினாவுக்கு உயர் நீதிமன்றம் விடை கூறவேயில்லை.