நாடாளும் கல்வியை நாடிய ஆப்கானியப் பெண்



கல்வி பெற்றவர் தம் மக்களுக்கு ஆற்ற வேண்டிய கடமை என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். அதனை விளக்குவதற்கு, மலைகள் சூழ்ந்த ஆப்கானிஸ்தான் நாட்டில் பிறந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் ரோயா ரஹ்மானி.

ரோயா 1978-ஆம் ஆண்டில் காபூல் நகரில் பிறந்தார். அதே ஆண்டில் அந்நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நிகழ்ந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் சோவியத் படைகள் உட்புகுந்தன. பின்னர் மூண்ட உள்நாட்டுப் போர் எண்ணற்ற குடும்பங்களை ஊரைவிட்டுத் துரத்தியது. ரோயாவின் குடும்பமும் பாகிஸ்தானில் அகதிகளாய் அடைக்கலம் புகுந்தது. அந்நிலையிலும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. உதவித்தொகை பெற்றுக் கனடா சென்று, மெக்கில் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் பட்டம் பெற்றார்.

அன்பர்களே! கணிப்பொறித் துறையில் பட்டம் பெற்ற ஒருவர் கனடாவிலேயே தங்கி வளமாக வாழ்ந்திருக்கலாம். எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர் பெண்களின் உரிமைக்காகவும் கல்விக்காகவும் பாடுபட்ட தொண்டு நிறுவனங்களில் பணியாற்றினார். அதன்பின் மீண்டும் மாணவியானார். நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகமும் சர்வதேசச் சட்டமும் பயின்று, 2009-ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

கொலம்பியா என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. 1913-ஆம் ஆண்டில் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு டாக்டர் அம்பேத்கர் சென்று பயின்ற அதே பல்கலைக்கழகம் அது. அங்கு அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருளும் அரசின் நிர்வாகமும் நிதியுமே ஆகும். அரசு எவ்வாறு பணம் திரட்டுகிறது, யாருக்காகச் செலவிடுகிறது என்று அறிந்தாலன்றி ஒடுக்கப்பட்டோர் தம் பங்கைக் கேட்டுப் பெற இயலாது. இதனை உணர்ந்தவர்கள் தேடிச் சென்ற கல்வி அது.

பொறியியல் கற்ற பெண் ஏன் பொது நிர்வாகம் கற்க வேண்டும்? இளைஞர்கள் இவ்வினாவை எழுப்புவது இயல்பே. பொதுக் கொள்கை என்பது, மக்கள் எல்லோரையும் தொடும் முடிவுகளை அரசு எவ்வாறு எடுக்கிறது, எவ்வாறு நிறைவேற்றுகிறது என்று ஆராயும் கல்வி. மருத்துவர் தம்மிடம் வரும் நோயாளியைக் காக்கிறார். ஆனால் எந்த ஊரில் மருத்துவமனை அமைவது, அதற்கு எவ்வளவு நிதி ஒதுக்குவது என்னும் முடிவு வேறோர் அறையில் எடுக்கப்படுகிறது. அந்த அறையில் அமர்வதற்கும் அங்கு பேசுவதற்கும் வேண்டிய அறிவே இக்கல்வி.

ஆப்கானிஸ்தானத்திலிருந்தே ஒரு சான்று தருகிறேன். பெண் குழந்தைகள் பள்ளிக்கு வராமைக்குக் காரணம் பெற்றோரின் பழைமைப் பற்றே என்று பலரும் கருதினர். கோர் மாகாணத்தில் 31 கிராமங்களை எடுத்துக்கொண்டு, 2007-ஆம் ஆண்டு தொடங்கி இரண்டு ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். சில கிராமங்களில் ஊருக்குள்ளேயே சிறு பள்ளி தொடங்கப்பட்டது. மற்றவற்றில் அது ஓராண்டு கழித்தே தொடங்கப்பட்டது. விளைவு யாது? ஊருக்குள் பள்ளி இருந்த இடங்களில் பள்ளிக்குச் செல்லும் பெண் குழந்தைகளின் விகிதம், பள்ளி இல்லாத இடங்களைவிட நூற்றுக்கு 52 கூடியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்தது. தடையாய் நின்றது பெற்றோரின் மனம் என்பதைவிடப் பள்ளியின் தொலைவே என்பது புலனாயிற்று. மனத்தை மாற்றத் தலைமுறைகள் ஆகலாம். பள்ளியை அருகில் அமைக்க அரசாணை ஒன்று போதும். குறை எங்கே உள்ளது என்று துல்லியமாகக் கண்டறியும் ஆற்றலை இக்கல்வி அளிக்கிறது.

ரோயா தாம் கற்றதை நாட்டிற்குக் கொண்டுவந்தார். கல்வி அமைச்சகத்தில் ஆலோசகராகவும், வெளியுறவு அமைச்சகத்தில் வட்டார ஒத்துழைப்புப் பிரிவின் தலைமை இயக்குநராகவும் பணிபுரிந்தார். 2016-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவிற்குத் தூதரானார். 2018-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவிற்கான ஆப்கானியத் தூதராகப் பொறுப்பேற்றார். அப்பதவியை ஏற்ற முதல் பெண்மணி அவரே. 2021 ஜூலை வரை அப்பொறுப்பை வகித்தார்.

இவ்வளர்ச்சி அவர் ஒருவருடையது மட்டுமன்று. 2004-ஆம் ஆண்டின் ஆப்கானிய அரசியலமைப்பு, 249 இடங்கள் கொண்ட கீழவையில் மாகாணத்திற்குச் சராசரி இருவர் என்னும் கணக்கில் 68 இடங்களைப் பெண்களுக்கு உறுதி செய்தது. இட ஒதுக்கீட்டின் அருமையை அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. யுனெஸ்கோவின் கணக்கின்படி, 2001-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5,000 ஆக இருந்த உயர்கல்வி மாணவியரின் எண்ணிக்கை 2021-இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியது.

ஆயினும் தோழர்களே, அந்தக் கட்டடம் சரிந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹா நகரில் அமெரிக்காவும் தாலிபானும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆப்கானிய அரசு அதில் ஒரு தரப்பாக இல்லை. பெண்களின் உரிமை குறித்து ஒரு வரியும் அதில் இடம்பெறவில்லை. பின்னர் நடந்த பேச்சுவார்த்தையில் குடியரசின் தரப்பில் 21 பேர் அமர்ந்தனர். அவர்களுள் நால்வர் பெண்கள். எதிர்த்தரப்பில் ஒரு பெண்ணும் இல்லை. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் வசமாயிற்று. 2022 மார்ச் 23 அன்று பள்ளி திறக்கும் என்று நம்பி வந்த உயர்நிலைப் பள்ளி மாணவியர் சில மணி நேரத்தில் வீட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு அடைக்கப்பட்டன. 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சிகளும் நிறுத்தப்பட்டன. தொடக்கக் கல்விக்கு மேல் படிக்க இயலாத சிறுமியர் 22 இலட்சம் பேர் என்று 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தெரிவித்தது.

அந்நாட்டு வரலாற்றில் இஃது முதன்முறையன்று. அமானுல்லா மன்னர் காலத்தில், 1928-ஆம் ஆண்டில், உயர்கல்விக்காக மாணவியர் குழு ஒன்று துருக்கிக்கு அனுப்பப்பட்டது. மறு ஆண்டில் மன்னர் ஆட்சியிழந்தார். மாணவியரும் திரும்ப அழைக்கப்பட்டனர். மேலிருந்து அளிக்கப்பட்டது மேலிருந்தே பறிக்கப்பட்டது.

அப்படியானால் ரோயா கற்ற கல்வி வீணாயிற்றா? நாட்டிற்கு உதவவென்று கற்றவருக்கு, நாட்டின் கதவே அடைக்கப்பட்டால் அக்கல்வியின் பயன் என்ன? இது கண்ணீரோடு கேட்கப்படும் வினா. இதற்குப் பூசி மெழுகிய விடை கூற நான் விரும்பவில்லை. இழப்பு பெரிது. பூட்டிய பள்ளியின் வாயிலில் நிற்கும் சிறுமிக்கு எந்தப் பேருரையும் ஆறுதல் ஆகாது.

எனினும் கற்ற கல்வி ஓய்ந்திருக்கவில்லை. ஷஹர்ஸாத் அக்பர் என்னும் மற்றோர் ஆப்கானியப் பெண்மணி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வளர்ச்சியியல் பயின்றவர். 2019-ஆம் ஆண்டில் தம் நாட்டின் மனித உரிமை ஆணையத்திற்குத் தலைவரானார். 2022 மே மாதத்தில் தாலிபான் அந்த ஆணையத்தைக் கலைத்தது. அதே ஆண்டில் அவர் அயல்நாட்டிலிருந்து 'ரவாதாரி' என்னும் அமைப்பைத் தொடங்கி, உள்நாட்டில் நிகழும் உரிமை மீறல்களைப் பதிவு செய்து அறிக்கைகளாக வெளியிட்டு வருகிறார். 2025 ஜூலையில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், பாலின அடிப்படையிலான கொடுமை என்னும் குற்றச்சாட்டின்பேரில் தாலிபான் தலைவர் இருவர்மீது பிடியாணை பிறப்பித்தது. ஓர் அநீதியைச் சட்டம் ஏற்கும் சொற்களில், ஆதாரத்தோடு எழுதிவைக்க அறிந்தவர்கள் இருந்தால்தான் வழக்கு நிற்கும். கண்ணீரை நீதிமன்றம் கணக்கில் கொள்ளாது, ஆவணத்தைக் கொள்ளும்.

மற்றொரு பாடமும் உண்டு. 2021-க்கு முன் ஆப்கானிய அரசின் பொதுச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு அயல்நாட்டு உதவியால் நடந்தது. பிறர் தோளில் எழுப்பிய மாடி, அவர் தோளை விலக்கியபோது விழுந்தது. ஆதலின் ஒரு சமுதாயத்தின் கல்வி, அதன் மக்கள் தாமே திரட்டும் சிறு நிதியிலும், தாமே காக்கும் அமைப்புகளிலும் வேரூன்ற வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கல்விச் சங்கத்தைக் கட்டிக் காத்திருக்கும் உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

இளைஞர்களே! மருத்துவம் படியுங்கள், பொறியியல் படியுங்கள். உங்களுள் சிலரேனும் வரவுசெலவுத் திட்டத்தைப் படிக்கவும், சட்டத்தின் பிரிவுகளை ஆராயவும், அரசாணையின் குறையைச் சுட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெண் அக்கல்வியை நாடித் தொலைதூரம் செல்ல விரும்பினால், "பெண்ணுக்கு எதற்கு?" என்று கேளாதீர்கள். நம்மைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் அறையில் நம்மவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அவர் அங்கு அறிவோடும் அச்சமின்றியும் பேசுதல் வேண்டும். ரோயா ரஹ்மானியின் வாழ்வு நமக்குக் கூறுவது அதுவே.