படிவத்தின் பின்னே ஓர் அட்டவணை: தோட்டப்புறக் குடும்பப் பதிவுகள் குறித்து



நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் குடியிருப்புகள் கலைந்தன. அக்குடும்பங்களை இணையப் படிவத்தின் வழியே பதிவு செய்ய விழைவோர், படிவத்தின் அழகினும் அதன் பின்னுள்ள தரவுத்தள அட்டவணையில் முதற்கண் கருத்துச் செலுத்துதல் வேண்டும். அதுபற்றி நான்கு செய்திகளைக் கூற விழைகின்றோம்.

முதலாவது, பெயர். நம்மவருட் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ எனத் தந்தை பெயரே தொடர்கின்றது. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு வேறொன்று. குடும்பப்பெயரைக் கொண்டு தொகுத்தால் ஒரே வீடு மூன்றாகச் சிதறும். ஆகவே தன்பெயர், தந்தைபெயர் என இரு புலங்களும், குடும்பத்திற்கெனத் தனி எண்ணும் வேண்டும்.

இரண்டாவது, அடையாள அட்டை எண். 12 இலக்கங்களுள் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறப்பிடக் குறியீடு. 2000 முதல் 2009 வரை பிறந்தோரின் எண் சுழியத்தில் தொடங்கும். அதனைக் கணக்கிடும் எண்ணாகச் சேமித்தால் முன்சுழியம் உதிர்ந்துபோகும். எழுத்துச் சரமாகவே சேமித்தல் வேண்டும். ஆண்டிற்கு இரண்டு இலக்கங்களே உள்ளமையால் 1925இல் பிறந்த பாட்டியும் 2025இல் பிறந்த பேத்தியும் ஒன்றுபோல் தோன்றுவர். எனவே பிறந்த நாளுக்குத் தனிப்புலம் தேவை.

மூன்றாவது, தமிழ் எழுத்து. ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாயினும் கணினிக்கு இரண்டு. சேமிக்குமுன் ஒரே வடிவிற்கு மாற்றாவிடின், கொண்டம்மாள் என்று தேடுவார்க்குக் கொண்டம்மாள் அகப்படார்.

நான்காவதே தலையாயது. அடையாள அட்டை எண்ணை அட்டவணையின் முதன்மைத் திறவுகோலாக்குதல் எளிது. ஆயின் பிறப்பைப் பதியாமையால் அட்டை பெறாதோரும் தோட்டப்புறத்தில் உளர். திறவுகோல் வெறுமையாய் இருத்தல் இயலாது. ஆதலின் படிவம் அவர்களை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எவரைக் கண்டறிதற்குப் பதிவு தேவையோ, அவரே விடுபடுவர். எனவே கணினி தானே வழங்கும் எண் திறவுகோலாகட்டும். அட்டை எண் இருப்பின் இரட்டிப்பு நேராமற் காக்க. இல்லையேல் அப்புலம் வெறுமையாய் நிற்க இடம் தருக.

எந்தப் புலத்தைக் கட்டாயமாக்குகின்றோம் என்பது, எவரை ஏற்கின்றோம் என்பதற்கான விடையே. அட்டவணையை எழுதுமுன் அதனை ஓர்க.