மறுபடியும் காடா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற விடுமுறையில், பல்கலைக் கழகத்தில் பயிலும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஐவர் என் வீட்டுக்கு வந்திருந்தனர். "காட்டை அழிக்காமல், அதை வைத்தே பிழைக்கும் வழியைப் பசுமைப் பொருளாதாரம் என்கிறார்களே, உங்கள் கருத்தென்ன?" என்று கேட்டேன். "நல்ல காரியம் அண்ணே" என்றனர் ஐவரும். "அந்த வேலைக்குப் போவீர்களா?" என்றேன். நால்வர் பேசாமலிருந்தனர். "சம்பளம் நிலையாக வருமா? ஒப்பந்த வேலைதானே?" என்றான் அவர்களில் ஒருவன். வனவியல் படிக்கும் பெண் மட்டும், "எனக்கு ஆசைதான், அம்மா விடமாட்டேன் என்கிறார்" என்றாள்.

அந்தத் தாயார் இருபது வருடமாகப் பால்மரம் சீவுபவர். "வெட்டுக்காட்டை விட்டுக் கரையேறத்தானே படிக்க வைத்தேன், மறுபடியும் காடா?" என்கிறார். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை என்பது அவர் பட்டறிந்த பாடம்.

ஆனால் தோழர்களே, காட்டுத் தொழில் என்றால் கோடரி மட்டுமல்ல. பேராக்கிலுள்ள மாத்தாங் பாக்காவ் காட்டைப் பாருங்கள். சுமார் 40,000 ஹெக்டேர். 1900களின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டு நடத்தப்படுகிறது. 15-ஆம் வயதிலும் 20-ஆம் வயதிலும் இடைமரங்களைக் களைந்து கம்பங்களாக விற்கிறார்கள். 30-ஆம் வயதில் வெட்டிக் கரி சுடுகிறார்கள். வெட்டிய இடத்தில் மீண்டும் கன்று வளர்கிறது. அதன் வேர்களுக்கிடையே மீனும் இறாலும் பெருகுவதால் மீனவரும் வாழ்கின்றனர். நூறு ஆண்டு கடந்தும் காடு நிற்கிறது! எந்தப் பகுதியை வெட்டுவது, எங்கே கன்று நடுவது என்று கணக்கிடப் படித்தவர் வேண்டாமா? ஒரு காலத்தில் நாம் விறகாக எரித்த பால்மரக் கட்டை, இன்று மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. அதற்கும் வழி செய்தது ஆராய்ச்சிப் படிப்பே.

மாணவர்களே, மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டால் போதாது. விடுமுறையில் காட்டுக்குள் சென்று வேலையை நேரில் பாருங்கள்.

சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. பசுமை என்று பெயர் சூட்டிவிட்டுப் பழைய ஒப்பந்தக் கூலியையே நீட்டினால் நாம் ஏற்கலாகாது. மாதச் சம்பளம், சேமநிதி, சொக்சோ மூன்றும் எழுத்தில் வேண்டும். அது கிடைத்தால் அந்த நால்வரும் தயங்கமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

அந்தப் பெண் அடுத்த மாதம் மாத்தாங்குக்குப் பயிற்சிக்குப் போகிறாள். தாயாரையும் உடன் அழைத்துப் போய்க் காட்டச் சொல்லியிருக்கிறேன். காட்டைப் பற்றி அவரை விட அறிந்தவர் யார்? பார்த்துவிட்டு அவரே முடிவு சொல்லட்டும்.