வாசலில் கிடப்பவரைக் காண்போம்



திருவிழா நெருங்கினால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் துணிக்கடைகளில் கூட்டம் அலைமோதும். விலை கேட்கிறோம், சாயம் போகுமா என்று கேட்கிறோம். தைத்தவர் யார், அவருக்குக் கூலி கிடைத்ததா என்று கேட்பதில்லை.

லூக்கா நற்செய்தி 16-ஆம் அதிகாரத்துச் செல்வர் விலையுயர்ந்த மெல்லிய உடை அணிந்தவர். அவர் இலாசரை அடித்ததாக ஆண்டவர் சொல்லவில்லை. வாசலில் கிடந்தவரை அவர் கண்டுகொள்ளவில்லை. அதுவே அவருடைய பாவம்.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உடை தைத்த ஏழைகள். அவர்களுடைய மாதச் சம்பளம் 38 யூரோ என்று அறிந்த திருத்தந்தை பிரான்சிஸ், மே முதல் நாள் திருப்பலி மறையுரையில் அதை அடிமை வேலை என்றே கண்டித்தார்.

நம் மாநிலத்திலும் கண்ணீர் சிந்தப்பட்டது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். உடன் உழைத்த பெண்கள் அஞ்சி ஒடுங்கவில்லை. தொழிற்சங்கமாக நின்று போராடினார்கள். 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் பிறந்தது. ஆலை நிர்வாகத்தோடு, துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் கையெழுத்திட்டது. தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். ஆலை விதியை மீறினால், வாங்குபவரும் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. "எங்கே தைத்தார்களோ, எங்களுக்குத் தெரியாது" என்று ஒதுங்க அந்த ஒப்பந்தம் இடம் தரவில்லை.

நம் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் மில் வேலைக்குப் போகிறார்கள். மூன்றாண்டு முடிந்ததும் திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் என்ற சுமங்கலித் திட்டத்தை நம்பி ஏமாந்த குடும்பங்கள் தமிழகத்தில் பல. பிடித்துவைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்கிறார் புனித யாக்கோபு (5:4). ஆகவே ஏஜென்டிடம் கேட்போம்: எந்த ஆலை? மாதாமாதம் சம்பளம் உண்டா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பெண்களுக்கான புகார்க் குழு இருக்கிறதா? பதில் வராவிட்டால் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

கடை வைத்திருப்போரும் சரக்கு வரும் வழியை விசாரிப்போம். கேள்வி கேட்பதும் பிறரன்பே. நம் வாசலில் இருப்பவரைக் காணும் கண்களை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.