சபையில் கேட்ட கேள்வி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், மேட்டுப்பாளையத்தில் ஆற்றிய உரை)



நாடகத்தில் பெண்ணும் அதிகாரமும் என்ற தலைப்பில் பேசச் சொன்னாங்க. சேமிப்பு, கடன், தவணைன்னு பேசுற இடத்துல நாடகத்துக்கு என்ன வேலைன்னு உங்களுக்குத் தோணலாம். வேலை இருக்கு. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

நம்ம புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் பக்கத்துல திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் குறைவு. திருவிழான்னா பாரதம் படிப்பாங்க, ராத்திரியில தெருக்கூத்து நடக்கும். வில் வளைப்பு, துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம்னு விடிய விடிய பார்ப்போம். கடைசியில படுகளம், அம்மன் கூந்தல் முடிப்பு, அப்புறம் தீமிதி. துகில் உரிதல் அன்னிக்கு கூட்டத்துல இருக்கிற பெண்கள் கண்ணைத் துடைச்சுக்கிட்டே பார்ப்பாங்க. புடவை வளர்ந்துக்கிட்டே போகும்போது கையெடுத்துக் கும்பிடுவோம்.

ஆனா புடவை வளர்றதுக்கு முன்னாடி திரௌபதி சபையில ஒரு கேள்வி கேட்டாள். தருமர் முதல்ல தன்னையே வைத்துத் தோத்தாரா, இல்லை என்னை வைத்துத் தோத்தாரா? தன்னையே தோத்து அடிமையான பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை? இதுதான் கேள்வி. இது கண்ணீர்க் கேள்வி இல்லை, கணக்குக் கேள்வி. எது முதல்ல நடந்தது, எது யாருக்குச் சொந்தம், யார் கையெழுத்து செல்லும்னு கேட்கிற கேள்வி. பீஷ்மர் மாதிரி பெரியவங்களாலேயே பதில் சொல்ல முடியல. தருமம் ரொம்ப நுட்பமானதுன்னு சொல்லி நழுவினார். கௌரவர் பக்கத்துல விகர்ணன் ஒருத்தன்தான் அவளுக்காகப் பேசினான். கடைசியில் திருதராஷ்டிரன் வரம் கொடுத்தபோது அவள் கேட்டது நகையோ பட்டோ இல்லை. தருமரையும் மற்ற நாலு பேரையும் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கச் சொன்னாள். புருஷன்களை மீட்டவள் அவள்தான். அவமானத்தை நினைவு வச்சிருக்கிற நாம, இந்த மீட்பை மறந்துட்டோம்.

இந்தக் கதையைத்தான் பாரதியார் 'பாஞ்சாலி சபதம்' என்று பாடினார். 1908 முதல் 1918 வரை அவர் இருந்தது நம்ம புதுச்சேரியில். அதன் முதல் பாகம் 1912-ல் வெளிவந்தது.

இப்போ கடல் தாண்டிப் போவோம். ஏறக்குறைய 2,400 வருஷத்துக்கு முன்னாடி, கிரேக்க நாட்டுல ஏதென்ஸ்னு ஒரு நகரம். மக்களாட்சி அங்க பிறந்ததுன்னு படிக்கிறோம். ஆனா அந்த மக்கள் சபையில் பெண்ணுக்கு இடம் கிடையாது, ஓட்டு கிடையாது. பெரிய சொத்தை விற்கவோ வாங்கவோ அப்பாவோ புருஷனோ நடுவுல நிக்கணும். அப்படிப்பட்ட ஊர்ல, சாமி திருவிழாவுல நடந்த நாடகங்களைப் பாருங்க, மேடை முழுக்க வாய் பேசுற பெண்கள்!

சோஃபக்ளிஸ் எழுதிய நாடகத்துல ஆன்டிகனின்னு ஒரு பெண். அவ அண்ணன் பிணத்தை யாரும் அடக்கம் பண்ணக் கூடாதுன்னு ராஜா உத்தரவு போட்டான். அவ மண் அள்ளிப் போட்டாள். ராஜா முன்னாடி நின்னு, உன் உத்தரவைவிடப் பெரிய தருமம் இருக்குன்னு சொன்னாள். அவளை உயிரோட குகைக்குள் அடைச்சாங்க. அவ தூக்குப் போட்டுச் செத்தாள். ராஜாவோட மகனும் மனைவியும் அதே நாளில் செத்தாங்க.

யூரிப்பிடிஸின் மெடியா, பெரிய பணம் கொடுத்து நாம ஒரு புருஷனை வாங்க வேண்டியிருக்கு, அப்புறம் அவனே நமக்கு எஜமான் ஆயிடுறான்னு சொல்லிக் குமுறுவாள். வரதட்சணை பற்றி நம்ம தெருவுல யாரோ பேசுற மாதிரி இல்லையா?

எனக்கு ரொம்பப் பிடிச்சது லைசிஸ்ட்ராட்டா. கி.மு. 411-ல் அரிஸ்டோஃபனிஸ் போட்ட சிரிப்பு நாடகம். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பல வருஷமா சண்டை. இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒண்ணு சேர்றாங்க. சண்டையை நிறுத்துற வரைக்கும் புருஷனைப் பக்கத்துல சேர்க்க மாட்டோம்னு சபதம் எடுக்கிறாங்க. கதை சொல்றவங்க அதோட நிறுத்திடுவாங்க. அவங்க இன்னொரு காரியமும் செய்தாங்க. ஊர்க் கஜானா இருந்த மலைக்கோட்டையைப் பிடிச்சுப் பூட்டிட்டாங்க! கப்பலுக்குத் துடுப்பு வாங்கப் பணம் வேணும்னு அதிகாரி வந்தால், கிடையாதுன்னாங்க. பெண்கள் கஜானாவை நிர்வாகம் பண்றதான்னு அவன் கேட்க, வீட்டுப் பணத்தை நாங்கதானே நிர்வாகம் பண்றோம், இதுல என்ன அதிசயம்னு பதில் வந்தது. சகோதரிகளே, பெட்டிச் சாவியைக் கையில் வைத்துக் குழுவை ஆரம்பிச்ச நமக்கு இது புரியும்.

ஆனா ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஆன்டிகனி, மெடியா, லைசிஸ்ட்ராட்டா மூணு பேர் வேஷத்தையும் முகமூடி போட்டு ஆடினது ஆண்கள். எழுதினதும் ஆண்கள். பெண் கஜானாவைப் பிடிப்பது அன்னிக்குச் சிரிப்பு. நாடகம் முடிஞ்சதும் சபைக்குப் போனதும் ஆண்கள்தான்.

நம்ம பக்கமும் அப்படித்தான். கூத்துல திரௌபதி வேஷம் கட்டினது ஆண்கள். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்னு போற்றப்படுகிற சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய கம்பெனி பையன்கள் கம்பெனி. அங்க வளர்ந்த டி.கே. சண்முகம் பின்னாளில் ஔவையார் வேஷத்தால் 'ஔவை' சண்முகம் ஆனார். சுவாமிகள் 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார். நமக்குத் தூரமில்லாத கருவடிக்குப்பத்துலதான் அவர் சமாதி இருக்கு.

அவர் எழுதியவற்றில் ஒண்ணு அல்லி அர்ஜுனா. அல்லி மதுரையை ஆண்ட ராணி, ஆண் வாடையே பிடிக்காதவள். ஊர்ல சொல்ற கதைப்படி, அர்ச்சுனன் பாம்பாக வந்து, அவ தூங்கும்போது தாலி கட்டினான். சபையில் ஜெயிக்க முடியாதவளைத் தூக்கத்தில் ஜெயிச்ச கதை இது. இதைக் கல்யாணக் கதையாகவே கேட்டுப் பழகிட்டோம். அவ சம்மதம் எங்கேன்னு யாரும் கேட்டதில்லை.

மேடையில் பெண்களே ஏறினபோது நிலைமை மாறத் தொடங்கியது. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் சொந்தமா நாடகக் கம்பெனி நடத்தினார். கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேஷமும் கட்டினார். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்து, ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். வேஷத்தையும் கூலியையும் பேசி வாங்கிய பெண் அவர்.

சரி, இன்னிக்கு நம்ம சபை எப்படி இருக்கு? 2021 சட்டமன்றத் தேர்தலில் புதுச்சேரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் பெண் ஒரே ஒருத்தர். உள்ளாட்சித் தேர்தல் 1968-க்கு அப்புறம் 38 வருஷம் கழிச்சு 2006-ல் நடந்தது. மூணில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு வந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிஞ்சது. அப்புறம் பல வருஷம் தேர்தலே இல்லை. நாற்காலி இல்லாமப் போனா இட ஒதுக்கீடும் காகிதத்தோட போச்சு.

நமக்குக் கையில் இருக்கிற சபை எது? இந்தக் குழுக் கூட்டம்தான். இங்கேயும் வேஷம் நடக்குது. கடன் அவள் பேரில், காசு வேறொருத்தர் கையில், தவணை மட்டும் மறுபடி அவள் தலையில். தீர்மான நோட்டைப் படிக்காமலே கையெழுத்து. வங்கிக்குப் போனால் பேசுறது கூட வந்த ஆம்பளை. அன்னிக்கு ஆண் பெண் வேஷம் கட்டினான். இன்னிக்கு நம்ம பேரையே வேஷமாப் போட்டு வேற யாரோ ஆடினா, அது எந்த ஊர் நியாயம்? குடும்பம் கூடிப் பேசி கடனைப் பங்கு போடுறது வேற. கேட்காமலே எடுத்துக்கிறது வேற. முன்னது குடும்பம், பின்னது சூதாட்டம்.

அதனால மூணே மூணு காரியம் கேட்கிறேன். தீர்மானத்தைக் கூட்டத்துல சத்தமாப் படிக்கச் சொல்லுங்க, படிக்கத் தெரியாதவங்க காதில் விழட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுங்க. கடன் கேட்கிற சகோதரியிடம், பணத்தை யார் செலவு பண்ணப் போறாங்க, தவணையை யார் கட்டப் போறாங்கன்னு அன்போட கேளுங்க. அவ பதில் சொல்லத் தயங்கினா, விகர்ணன் மாதிரி ஒருத்தியாவது அவ பக்கம் எழுந்து நில்லுங்க. மூணாவது, ஊக்குநர் பொறுப்பை ஒரே ஆள் வருஷக்கணக்கா வச்சிருக்காம மாத்திக் கொடுங்க. கணக்கு எழுதத் தெரிஞ்ச பெண் ஒருத்தி கூடினா, சபையில் கேள்வி கேட்கிறவள் ஒருத்தி கூடுறாள்.

திரௌபதி கேட்டபோது சபையே தலை குனிஞ்சது. நம்ம சபையில் ஒரு பெண் கேட்டா பதில் கிடைக்கணும். அதுக்குத்தான் இந்தக் கூட்டமைப்பு.